நான் வேரில் காய்க்க வைத்த கடலை

போன வாரம் ஒரு புது டீச்சர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். "சார், இப்ப பிள்ளைங்க கணிப்பை எல்லாம் டேப்லெட்லதான் போடுறாங்க. தப்பாப் போட்டுட்டா அழிச்சிட்டுச் சரியாப் போட விடலாமா? ஒங்க அனுபவத்துல எப்படி?"

அனுபவம் என்ற சொல்லை யார் சொன்னாலும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். இருபத்தொன்பது வருஷம் தொடக்கப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவன் நான். தொண்டையில் முடிச்சு விழுந்தது. இனிமேல் சத்தமாகப் பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னார். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால், பேசாமல் பாடம் நடத்துவது எப்படி என்று எனக்கு ஐந்து நாள் பயிற்சியே கொடுத்திருந்தார்கள். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் தொண்டையாவது தப்பியிருக்கும்.

டீச்சருக்கு "கூடாது" என்று பதில் போட்டேன். அடுத்த நிமிடமே "ஏன் சார்?" என்று வந்தது. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று தட்டினேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கும் எனக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஒரு வரியில் சொல்ல முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் புதுக்கோட்டை டவுனில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்குத் தையற்கடை. எங்கள் வீட்டில் மண் என்று இருந்தது ஒரு பூந்தொட்டி அளவு. ஆசிரியர் பயிற்சி இரண்டு வருஷம். சார்ட் ஒட்டினேன், தெர்மாக்கோலில் சூரியக் குடும்பம் செய்தேன், சனியின் வளையம் கழன்று விழுந்துகொண்டே இருந்தது, பாஸ் செய்தேன். அவ்வளவுதான். குன்றாண்டார்கோவில் பக்கம் சில வருஷம் வேலை பார்த்தேன். பாடத்தை வாசி, அடிக்கோடு போடு, ஒப்பி. அறிவியலை நான் நடத்திய விதம் அதுதான்.

அதன் பிறகு ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் ஒரு ஊர். கண்டக்டர் மனசு வைத்தால்தான் பஸ் நிற்கும். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். சுற்றிலும் தென்னை, முந்திரி, கடலைக்கொல்லை. பதினைந்து வருஷம் அந்தக் கொல்லைகளுக்கு நடுவில் போய்வந்தேன். அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் அவித்த கடலையைத் தூக்குவாளியில் கொண்டுவருவார்கள். முதல் பிடி எனக்கு. என் வாயிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால், கடலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தத் தூக்குவாளி வரைதான். அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று நான் விசாரித்ததே இல்லை.

இந்த நிலையில்தான் அந்த ஐந்து நாள் பயிற்சி வந்தது. விடையைச் சொல்லாதீர்கள், பிள்ளைகளைக் கண்டுபிடிக்க விடுங்கள் என்றார்கள். முதலில் படக்கதைப் புத்தகத்தைக் காட்டு. எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் பார்க்க விடு. அடுத்து என்ன நடக்கும் என்று கணிக்கச் சொல். பிறகு நிஜப் பொருளைக் கொடு. தொட்டு, பார்த்து, வரைந்து, கணித்ததோடு ஒப்பிடட்டும். பிள்ளை கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதே, "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேள்.

மற்றதெல்லாம் மதியச் சாப்பாட்டோடு மறந்துபோயிற்று. இந்தக் கடைசி வரி மட்டும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. பதில் தெரியாத வாத்தியாருக்கு இதைவிட ஒரு வரம் உண்டா? பல்லி வால் அறுந்தால் அதற்கு வலிக்குமா சார்? நீ என்ன நினைக்கிற? நிலா ஏன் சார் பஸ்கூடவே வருது? நீ என்ன நினைக்கிற? ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. பிள்ளைகள் என்னைப் பெரிய ஞானி என்று நம்பினார்கள். வீட்டில் என் மனைவி, தோசையா இட்லியா என்று கேட்டபோதும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டேன். அன்று இரண்டும் கிடைக்கவில்லை.

இந்த முறையை எனக்கு நிஜமாகக் காட்டியவர் தலைமையாசிரியர் ஆரோக்கியமேரி டீச்சர். ஒல்லியான உருவம், எப்போதும் கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதிர்ந்து பேசாத குரல். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. என் வகுப்பு வாசலில் வருகைப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நிற்பார். "நீங்க நடத்துங்க சார், நான் பாத்துட்டுப் போறேன்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு என் முதுகில் வியர்க்கும் அளவுக்கு வேறு யார் திட்டினாலும் வியர்த்ததில்லை.

அவர் புத்தகம் காட்டுவதைப் பார்க்க வேண்டும். ஒரு பழைய தபால் உறையை வைத்து எழுத்துகளை மறைப்பார். படத்தை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு பிள்ளையின் முகத்துக்கும் நேராக நிறுத்தி நிறுத்திக் கொண்டுபோவார். கேள்வி கேட்டுவிட்டு வாயைத் திறக்க மாட்டார். வலது கைக் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு மனசுக்குள் பத்து எண்ணுவார். அந்தப் பத்துக்குள் பேசாத பிள்ளையும் பேசிவிடும். நான் இரண்டு எண்ணுவதற்குள் பதிலை நானே சொல்லிவிடுவேன்.

அப்புறம் கணிப்பு நோட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. கணிப்பைப் பென்சிலில்தான் எழுத வேண்டும், ஆனால் அழிக்கக் கூடாது. வகுப்பு தொடங்கும்போது எல்லா ரப்பரையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வாங்கி வைத்துவிடுவார். கணிப்பு தப்பாகிப்போனால் அதன்கீழே "பார்த்தது" என்று போட்டுப் பார்த்ததை எழுதலாம். மேலே இருப்பதைத் தொடக்கூடாது. அழிக்க விடாவிட்டால் பேனாவிலேயே எழுதச் சொல்லலாமே என்று ஒருநாள் கேட்டேன். டீச்சர் யோசித்துவிட்டு, "அழிக்க முடியும், ஆனா அழிக்கலைன்னு இருக்கணும் சார்" என்றார். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பெரிய விஷயம் போல இருக்கிறது என்று தலையை ஆட்டிவைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாலாம் வகுப்பில் அபிநயா என்று ஒரு பெண். முன்பல் ஒன்று விழுந்து பாதி முளைத்திருந்தது. வாய் ஓயாது. கணிப்பு நோட்டில் ஒரு பக்கம் போதாமல் அட்டையிலும் எழுதுவாள். அவள் அம்மா செல்வராணிக்குப் பள்ளிக்கூடத்தை ஒட்டியே கொல்லை. அப்பா சிங்கப்பூரில். அந்த வருஷம் ஆடியில் கடலை போட்டிருந்தார்கள். எங்கள் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும்.

ஆவணி மாதம் ஒருநாள், நான் ஒரு படக்கதைப் புத்தகத்தைக் காட்டினேன். ஒரு சுண்டெலி மண்ணுக்குள் இறங்கிப் போகும். வழியில் கேரட்டைப் பார்க்கும், முள்ளங்கியைப் பார்க்கும். கடைசியில் கடலைச் செடிக்கு அடியில் போய் நிற்கும். அழகான படங்கள். கடலைச் செடியின் வேர்களில், மாட்டுக்குக் கட்டிய சலங்கை மாதிரி, வரிசையாகக் கடலை தொங்கும். சுண்டெலி அண்ணாந்து பார்த்துச் சிரிக்கும். நானும் டீச்சர் மாதிரியே உறை வைத்து மறைத்து, இடமிருந்து வலமாகக் காட்டி, பெருமையாகக் கேட்டேன். கடலை எங்கே காய்க்கிறது?

வேரில் சார் என்று வகுப்பே கத்தியது. படத்தில் அப்படித்தானே இருக்கிறது. அபிநயா மட்டும் எழுந்து நின்றாள்.

"படம் தப்பு சார். பூவுலேருந்து ஊசி மாதிரி ஒண்ணு எறங்கும். அதுதான் மண்ணுக்குள்ள போய்க் காய்க்கும். வேர்ல காய்க்காது."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பெண் சொல்வதைக் கேட்டு, கொல்லையைக் காட்டி, வா பார்ப்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நாள் பயிற்சியும் இந்த ஒரு நொடிக்காகத்தான். எனக்கோ காதுக்குள் குக்கர் விசில் அடித்தது. பூவிலிருந்து ஊசியா? பூ மேலே இருக்கிறது, கடலை கீழே இருக்கிறது. பூ எதற்கு மண்ணுக்குள் வரும்? இத்தனை வருஷம் எத்தனை நாலாம் வகுப்புக்கு வேர் என்று சொல்லியிருக்கிறேன்? அத்தனை பேரும் வரிசையாக நின்று என்னையே பார்ப்பது போல இருந்தது. அப்போது பார்த்து, என் அருமைக் கேள்வியும் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"புத்தகத்துல தப்பாப் போடுவாங்களா? உக்காரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். அபிநயா உட்கார்ந்தாள். நான் சுண்டெலியை வீட்டுக்கு அனுப்பிவைத்துப் புத்தகத்தை மூடினேன்.

அடுத்த நாளிலிருந்து அவள் பேசவில்லை. அழவில்லை, முறைக்கவில்லை, வீட்டுப்பாடம் சுத்தமாக எழுதி வந்தாள். கேள்வி கேட்டால் மட்டும் தரையைப் பார்த்து நிற்பாள். நானும் பத்து எண்ணிப் பார்த்தேன், இருபது எண்ணிப் பார்த்தேன். ஒருநாள் நூறு வரை போனேன். மற்ற பிள்ளைகள், சாருக்கு என்ன ஆச்சு என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து ஆரோக்கியமேரி டீச்சர் அவளுடைய கணிப்பு நோட்டோடு என்னிடம் வந்தார். பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். பதினோரு கணிப்பு. பதினொன்றிலும் ஒரே சொல்: தெரியாது.

"இந்தப் பிள்ளைக்கு எந்தத் தேதியிலேருந்து எல்லாமே தெரியாமப் போச்சுன்னு பாத்தீங்களா சார்?"

பார்த்தேன். சுண்டெலி வந்த தேதி.

டீச்சர் நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.  அந்தப் பெண் இப்படியே ஐந்தாம் வகுப்புக்குப் போய், ஆறாம் வகுப்புக்குப் போய், தெரியாது தெரியாது என்றே எழுதிக்கொண்டு வளர்ந்துவிட்டால்? அவளிடம் நான் சொன்னது தப்பு என்று சொல்லலாம்தான். ஆனால் தப்பா என்பதே எனக்குத் தெரியாதே.

விசாரிக்க ஆரம்பித்தேன். யாருக்கும் சந்தேகம் வராதபடி சாமர்த்தியமாக. டீக்கடையில், கடலை எங்கே காய்க்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். மண்ணுக்குள்ள என்றார் டீக்கடைக்காரர். மண்ணுக்குள் எங்கே என்றேன். மண்ணுக்குள்ளதான் சார் என்று என் டீயில் சர்க்கரையைக் குறைத்தார், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து. மொபைலில் தேடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தேடினேன். முதலில் வந்தது கடலை உருண்டை செய்முறை. இரண்டாவது ஒரு படம், அதிலும் சலங்கை மாதிரி வேரில் தொங்கியது. போனை மூடிவிட்டேன். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் தீர்ந்தது என்று முடிவு செய்தேன். பகலில் பிடுங்கினால் வாத்தியாருக்கு இதுகூடத் தெரியவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். வெயில் இன்னும் வரவில்லை. சுற்றிலும் யாருமில்லை. செல்வராணியின் கொல்லை ஓரத்தில், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு செடியை இழுத்தேன்.

வந்தது. மண்ணை உதறினேன். என்ன ஒரு குழப்பம் தெரியுமா அந்தச் செடியில்? கீழே எல்லாம் ஒரே சிக்கல். நூல் நூலாக ஏதோ தொங்குகிறது. எது வேர், எது ஊசி? திடீரென்று வேரில் பார்த்தேன். கடுகு போல, மிளகு போல, சின்னச் சின்ன உருண்டைகள். வரிசையாக. குட்டிக் கடலைகள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வேர்தான். நான் சொன்னது சரிதான். சுண்டெலி வாழ்க.

அந்த நேரம் பார்த்து என் தலைக்குப் பின்னால் தகர டப்பாவைத் தட்டும் சத்தம் இடி மாதிரி கேட்டது. செடியோடு சேர்ந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். செல்வராணி ஒரு கையில் டப்பா, ஒரு கையில் குச்சியோடு நின்றார்.

"சாரா? கொல்லையைக் கெளற வந்த மயிலுன்னு நெனச்சேங்க."

என்னை யாரும் அதுவரை மயிலாக நினைத்ததில்லை. அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. அவர் என் கையிலிருந்த செடியைப் பார்த்தார், சுருட்டிய பேன்ட்டைப் பார்த்தார், வரப்பில் வைத்திருந்த என் சாப்பாட்டுப் பையைப் பார்த்தார்.

"நாலு நாளா இந்த ஓரத்துல செடியப் புடுங்கிப் போடுறது நீங்கதானா?"

நாலு நாளா? நான் இன்றைக்குத்தானே வந்தேன். அப்போதுதான் செல்வராணிக்குப் பின்னால், முந்திரி மரத்தடியில், பள்ளிச் சீருடைப் பாவாடையின் ஒரு ஓரம் தெரிந்தது. மரத்தைவிட்டுப் பாதி முகமும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்தேன். மண்டையில் ஏதோ உறைத்தது. முழுதாக இல்லை, பிடுங்கியது யார் என்ற பாதி மட்டும்தான். வாய் முந்திக்கொண்டது.

"ஆமாங்க. நான்தான். எல்லாம் நான்தான்."

"எதுக்கு?"

"ஆராய்ச்சி."

"என்ன ஆராய்ச்சி?"

"கடலை எங்க காய்க்குதுன்னு."

செல்வராணி டப்பாவைக் கீழே வைத்தார்.  

"எத்தனை வருசமா சார் வாத்தியாரா இருக்கீங்க?"

 அவர் அதோடு விடவில்லை. மண்ணைக் குச்சியால் காட்டினார். "ஒங்க காலு இம்புட்டுப் பெருசா இருக்கு. நாலு நாளா இங்க பதிஞ்ச காலு சின்னக் காலு. பொய் சொல்றதையாச்சும் பாத்துச் சொல்லுங்க." பிறகு திரும்பாமலே குரல் கொடுத்தார். "அடியே, மரத்துக்குப் பின்னாடி நின்னது போதும். வா இங்கிட்டு."

அபிநயா வந்தாள். அவளுக்கு அடி விழப்போகிறது என்று நினைத்து நான் எழுந்து குறுக்கே நின்றேன். எழுந்த வேகத்தில் பேன்ட் ஒரு கால் மட்டும் இறங்கிவிட்டது. அவள் என்னையோ அம்மாவையோ பார்க்கவில்லை. என் கையிலிருந்த செடியின் வேரையே பார்த்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"வேர்லயும் இருக்கு சார்."

எனக்கு அந்த நொடியில் முழுதாக உறைத்தது. அவள் என்மேல் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கோபமாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. சார் சொன்னது ஒருவேளை சரியோ என்று இரண்டு வாரமாகக் குழம்பி, கடைசி நாலு நாளும் தினம் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். வேரில் அந்த உருண்டைகளைப் பார்த்திருக்கிறாள். ஊசியும் இருக்கிறது, வேரிலும் இருக்கிறது. தான் கண்ணால் பார்த்தது சரியா, புத்தகம் சரியா என்று தெரியாமல், நிஜமாகவே தெரியாமல்தான், தெரியாது என்று எழுதியிருக்கிறாள். பதினோரு தடவையும் அவள் உண்மையைத்தான் எழுதியிருந்தாள். அந்த வகுப்பில் அதைச் செய்தது அவள் ஒருத்திதான்.

செல்வராணி ஒரு உருண்டையைக் கிள்ளி நசுக்கிக் காட்டினார். உள்ளே லேசான சிவப்பு. அது வேர் முடிச்சு, காயாகாது என்றார். வேர் முடிச்சு! பயிற்சிக் காலத்தில் அந்தப் பெயரைப் பத்து மதிப்பெண் கேள்வியில் எழுதி ஒன்பது வாங்கியவன் நான். நேரில் பார்த்தபோது குட்டிக் கடலை என்று கும்பிட்டிருக்கிறேன். அவர் பக்கத்துச் செடியின் இலைகளை விலக்கினார். அடித்தண்டில் மஞ்சள் பூ. அதற்குக் கொஞ்சம் கீழே, பூ கருகிய கணுவிலிருந்து, ஊதா நிறத்தில் ஊசி போல ஒன்று மண்ணை நோக்கி வளைந்திருந்தது. "இதை விழுதுன்னு சொல்லுவோம். இது எறங்கத்தான் இப்ப செடிய ஒட்டி மண்ணு அணைக்கணும். வேர்ல வேர்தான் சார் இருக்கும்."

எல்லாம் தெளிவாகிவிட்டது என்று பெருமூச்சு விட்டேன். அபிநயா விடவில்லை.

"பூவுதான் காயாகுதுன்னு நீ பாத்தியாம்மா?"

"வருசா வருசம் புடுங்குறேன். தெரியாதாடி?"

"புடுங்குறப்ப பாத்தே. ஒரு பூவை அது பூத்ததுலேருந்து காயாகுற வரைக்கும் பாத்தியா?"

செல்வராணி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அவர் குச்சியால் வரப்போரமாக ஒரு கோடு கிழித்தார். "இந்த ஒரு வரிசை ஒங்க பள்ளிக்கூடத்துக்கு. நீங்களும் இவளும் என்னவோ பண்ணிக்கங்க. மிச்சத்துல கை வச்சா மயிலுக்கு என்ன மருவாதையோ அதுதான்."

அன்று காலை வகுப்பில் எழுந்து நின்று, பிள்ளைகளே, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, கடலை வேரில் காய்ப்பதில்லை என்று சொல்லப் போனேன். ஒரு தியாகி மாதிரி உணர்ந்தேன். வாசலில் பதிவேட்டோடு நின்ற ஆரோக்கியமேரி டீச்சர் குறுக்கிட்டார். அவர் குறுக்கிட்டு நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

"தப்புன்னு யாரு பாத்தா சார்? இன்னும் யாரும் பாக்கலையே. அன்னைக்கு நீங்க நெனச்சதை எழுதுங்க."

அதாவது நானும் ஒரு கணிப்பு நோட்டில் எழுத வேண்டும். இன்று காலை தெரிந்துகொண்டதை அல்ல, அன்று நினைத்ததை. என் சட்டைப்பையில் தலையில் ரப்பர் வைத்த பென்சில் இருந்தது. டீச்சர் அதை வாங்கி, பிளேடால் ரப்பரை மட்டும் நறுக்கிப் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, மொட்டையாகத் திருப்பிக் கொடுத்தார். இருபத்திரண்டு பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க எழுதினேன்: கடலை வேரில் காய்க்கும். கையெழுத்தும் போடச் சொன்னாள் ஒருத்தி. அபிநயாதான். அவள் தன் நோட்டில் பன்னிரண்டாவது தடவை தெரியாது என்று எழுதாமல், பூவுல காய்க்கும், வேர்ல இருக்குறது வேற என்னமோ, என்று எழுதியதை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காப்பியடித்து மாட்டிய பையன்களின் மனநிலை எனக்கு அன்றுதான் விளங்கியது.

அப்புறம் நடந்தது முழுக்கப் பிள்ளைகளின் வேலை. அன்று மலர்ந்த பூவில் கலர் நூல் கட்டுவது என்று தீர்மானித்தார்கள். கட்டினோம். மறுநாள் போனால் பூ கருகிச் சுருண்டு, நூல் தரையில் கிடக்கிறது. ஆராய்ச்சி முடிந்தது என்று நினைத்தேன். பூவுக்கு நேர் கீழே தண்டில் கட்டுங்க என்றார் டீச்சர். கட்டினோம். ஒரு வாரம் எதுவும் இல்லை. தினமும் காலையில் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன், பரீட்சை ரிசல்ட் பார்ப்பது போல. பிறகு நூல் கட்டிய கணுவிலிருந்து ஊசி எட்டிப் பார்த்தது. அதற்கும் ஒரு நூல். நாலு ஊசிகளுக்கு அடியில் மட்டும் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, மண்ணில் இறங்க முடியாமல் மறித்தாள் அபிநயா. ஏன் என்று கேட்டேன். "நீங்க என்ன சார் நெனக்கிறீங்க?" என்றாள். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

தீபாவளி லீவு முடிந்த வாரம் மழை பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. செல்வராணி அவசரமாகக் கடலை பறிக்க ஆள் விட்டார். எங்கள் வரிசையைப் பிள்ளைகளே பறித்தார்கள். நூல் கட்டிய கணுவைப் பிடித்துக்கொண்டு, விரலால் மண்ணைக் கிளறி, இழுக்காமல் மெதுவாகக் கீழே போனாள் அபிநயா. நூல், ஊசி, ஊசியின் நுனியில் கடலை. சிரட்டையில் முட்டிய ஊசிகள் சுருங்கிக் காய்ந்துபோயிருந்தன. வேர் முடிச்சுகள் வேர் முடிச்சுகளாகவே இருந்தன. செல்வராணி வேலையை விட்டுவிட்டு வந்து, அந்த நூலைப் பிடித்துக் கணுவிலிருந்து காய்வரை தானும் ஒருதரம் விரலை ஓட்டிப் பார்த்தார். 

வகுப்புக்கு வந்து எல்லோரும் "பார்த்தது" எழுதினார்கள். என் கையெழுத்துக்குக் கீழே நானும் எழுதினேன். புது டீச்சருக்குச் சொல்ல நினைத்தது இதுதான். அன்று அந்த முதல் வரியை அழிக்க விட்டிருந்தால், நோட்டில் சரியான விடை மட்டும் இருந்திருக்கும். எல்லா வாத்தியார் நோட்டிலும் இருப்பது போல. அதைப் பார்க்கிற பிள்ளைக்கு, இவருக்கு முதலிலேயே தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை என்றுதான் தோன்றும். டேப்பில் அழிக்கும் பட்டனை எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியாது. பிளேடால் நறுக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

ஆனால் வழக்கு அங்கே முடியவில்லை. எல்லோரும் எழுதி முடித்ததும் அபிநயா என் மேசைக்கு வந்தாள். காய்ந்துபோன ஊசி ஒன்றும், கடலையோடு ஒன்றும் அவள் உள்ளங்கையில் இருந்தன.

"மண்ணுக்குள்ள வந்துட்டோம்னு அதுக்கு எப்படி சார் தெரியும்?"

எனக்குக் காதுக்குள் மறுபடி குக்கர் விசில். மண் என்று அதற்கு யார் சொன்னது? அதற்கென்ன கண்ணா இருக்கிறது? நீ என்ன நினைக்கிற என்பது தொண்டை வரை வந்தது. அதற்குள் அவள் என் நோட்டைப் புதுப் பக்கமாகத் திருப்பி, மொட்டைப் பென்சிலை என் பக்கம் நகர்த்திவிட்டாள். முதலில் நீங்கள் என்று அர்த்தம். யோசித்தேன். இருட்டைப் பார்த்து, என்று எழுதினேன். சிரட்டைக்கு மேலும் செடியின் நிழல் இருந்ததே, அங்கே காய்க்கவில்லையே என்று உடனே தோன்றியது. அப்படியானால் அதுவும் தப்பா?  கை தானாக மேசைமேல் இருந்த பிஸ்கட் டப்பாவைத் தேடிப் போனது.

அபிநயா டப்பாவை எடுத்துத் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் நின்று, தன் கணிப்பை எழுத ஆரம்பித்தாள்.